1089 சி.சி.: சேலத்தில் ஒரு பழைய ஃபியட்டைப் பிழைக்க வைக்கும் முறை

1947-இல் இத்தாலியின் டுரின் நகரில் சிசிடாலியா என்ற சிறு நிறுவனம் 202 என்று பெயரிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யத் தொடங்கியது. பானெட்டும் மட்கார்டும் தனித்தனியே துருத்தி நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து இறங்குவதுபோல பினின் ஃபரீனா பட்டறை வடித்த அந்த உருவத்தை, 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சிற்பத்துக்குரிய மரியாதையோடு காட்சிக்கு வைத்தது. இத்தாலியின் புகழ்பெற்ற சாலைப் பந்தயமான மில்லே மிலியாவில், 1947-ஆம் ஆண்டு, 54 வயதான பந்தய ஓட்டுநர் டாட்சியோ நுவோலாரி சிசிடாலியாவின் திறந்த கார் ஒன்றைக் கொட்டும் மழையில் ஓட்டி, தன்னைவிடப் பெரிய எஞ்சின்களைப் பின்தள்ளி இரண்டாம் இடம் பெற்றார். சுமார் 170 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட இந்த 202-இன் பானெட்டுக்குள் இருந்தது ஃபியட் 1100 என்ற குடும்பக் காரின் எஞ்சின். அதையே எடுத்து மெருகேற்றிப் பொருத்தியிருந்தார்கள். போர் என்னும் சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., ஸ்ட்ரோக் என்னும் பிஸ்டன் ஓட்டம் 75 மி.மீ., கொள்ளளவு 1089 சி.சி. சேலம் அஸ்தம்பட்டியில் ஏதோ ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் சருகு மூடி நிற்கும் பிரீமியர் பத்மினி காரின் பானெட்டைத் திறந்து பார்த்தால், அங்கே இருப்பதும் அதே அளவுள்ள, அதே வம்சத்தைச் சேர்ந்த எஞ்சின்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரிய கார் என்ற பேச்சு வந்தால் எத்தனை செய்தார்கள் என்று கேட்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது; ஒவ்வொன்றும் எந்தச் சேஸிஸ் எண், எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது, 2018-இல் அவற்றுள் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. என்ஸோ ஃபெராரி ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் தம் பெயரைப் போட முடியாத காலத்தில், 1940-இல், ஃபியட் 1100-இன் பாகங்களை வைத்து 815 என்ற காரை இரண்டே இரண்டு செய்தார். ஒன்று உடைக்கப்பட்டது, மற்றொன்று இன்றும் இருக்கிறது. மறுபக்கம், 1954 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100-ஐச் செய்து, 1970-களின் முற்பகுதியில் பிரசிடென்ட் என்றும் பிறகு பத்மினி என்றும் பெயர் மாற்றி, ஏறத்தாழ 2000 வரை நாடெங்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது. பம்பாய்த் தெருக்களை நிறைத்திருந்த பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவு பெற்றதன் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. அபூர்வம் என்று தெரிந்ததைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தெருவெல்லாம் நின்றதை எடைக்குப் போட்டார்கள். ஒரு காரின் அருமையை அது பிறந்த எண்ணிக்கையைவிட, எஞ்சிய எண்ணிக்கையே சரியாகச் சொல்லும் என்பதால்தான், சேலத்திலோ ஏற்காட்டிலோ பழைய ஃபியட் ஒன்றை வைத்திருப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும் இதை எழுதுகிறேன். என் தந்தை இரண்டாம் கையாக வாங்கிய 1968-ஆம் வருட ஃபியட் 1100 டிலைட் இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது; கீழே சொல்வதில் பெரும்பகுதி அதன் அடியில் படுத்துக் கற்றது.

முதலில் தாள்கள், பிறகு தகடு

பழைய காரை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பானெட்டைத் திறந்து, தகட்டிலுள்ள எண்ணையும் உடலில் அடித்த எண்ணையும் தனித்தனியே பாருங்கள். தகட்டை ஆணி கழற்றி வேறு வண்டிக்கு மாற்றிவிட முடியும், உடலில் அடித்த எண்ணை அப்படி எளிதில் மாற்ற முடியாது. எண் மங்கலாக இருந்தால் கம்பித் தூரிகையையோ உப்புத்தாளையோ அங்கே கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டிவைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தானாக எழுந்து வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கும் சேஸிஸ் பிரிண்ட் என்பதும் இதுவே. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டுக் கோப்பில் வையுங்கள். எண்ணைச் சுரண்டிய தடம், சுற்றிலும் புது வெல்டிங், எண்ணின் ஓர் எழுத்து மட்டும் ஆழமாக இருப்பது ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல வருடம் புதுப்பிக்காமல் கொட்டகையில் கிடந்த வண்டியை வாங்கும்போது, பாக்கி வரி, பெயர் மாற்றம், முந்தைய உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகளின் ஒப்புதல் என்று எல்லாவற்றையும் விற்பவர் பெயரில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். பணம் கைமாறிய பிறகு கையெழுத்துக்காக ஆத்தூருக்கும் தர்மபுரிக்கும் அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம் ஒன்று நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்து, வணிகத்துக்குப் பயன்படாமல், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல உருவில் காக்கப்படும் காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும்; ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரிப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாரம் ஒருமுறை கடைவீதிக்கும் எடுக்க விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே தொடரட்டும் என்பது என் கருத்து. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அரசுத் தாள்களுக்கு நிகரான இன்னொரு சான்று நம் வீட்டுப் பீரோக்களில் இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் சேலத்தில் கார் வைத்திருந்த குடும்பங்கள் அதன் பக்கத்தில் நின்று படமெடுக்காமல் இருந்ததில்லை: கல்யாண ஊர்வலம், ஏற்காடு ஏரிக்கரை, அங்குள்ள லேடி சீட் காட்சிமுனை, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. அந்தப் படங்களைத் தேடி வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்கள் டிலைட்டின் முன் பம்பரை நான் பல வருடம் மூலப் பாகம் என்றே நம்பியிருந்தேன். என் அத்தை வீட்டு ஆல்பத்தில் 1971-இல் லேடி சீட்டில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தபோதுதான், பம்பரின் மேல் நிற்கும் இரண்டு கொம்புகளுக்கும் இடையிலான தூரம் இப்போதைக்கும் அப்போதைக்கும் வேறு என்பது தெரிந்தது. இடையில் யாரோ பத்மினி பம்பரை மாட்டியிருக்கிறார்கள். சரியானதைத் தேடிப் பிடிக்க நான்கு வருடம் ஆனது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் தேட வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

துரு எங்கே குடியிருக்கிறது

டிலைட்டும் பத்மினியும் சேர்ந்த ஃபியட் 1100-103 வரிசைக் கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. தரை, கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' என்ற பெட்டிபோன்ற பகுதி, மட்கார்டின் உட்சுவர், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே இந்தக் காரில் துரு என்பது அழகுக்கு வந்த கேடு மட்டும் அன்று, அது எலும்புக்கு வந்த நோய். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் லேத் பட்டறையில் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி எழுப்பிவிடலாம். சில் அரித்துப்போன உடலை எழுப்புவதற்கு வண்டியின் விலையைப்போல மூன்று மடங்கு செலவாகும். வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடாமல், முதலில் மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பத்மினியைப் பார்க்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அரக்கு நிறப் பெயின்ட் கண்ணாடிபோல மின்னியது. சின்னக் காந்தம் ஒன்றைக் கைக்குட்டைக்குள் வைத்துச் சில் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். முன்கதவுக்குக் கீழே வரை ஒட்டிக்கொண்டு வந்த காந்தம் நடுத்தூண் அருகே வந்ததும் கையோடு வழுக்கி விழுந்தது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, ரப்பர் பாயைத் தூக்கி உட்பக்கமாகத் திருப்புளி நுனியை வைத்து விரலால் அழுத்தினேன். வெல்லக் கட்டிக்குள் இறங்குவதுபோல அது பாதி இறங்கிவிட்டது. வெளியே ஒரு விரற்கடை கனத்துக்குப் பட்டி, அதற்குப் பின்னால் எண்ணெய் டின்னை வெட்டி ரிவிட் அடித்த தகடு. டின்னின் மேலிருந்த நிலக்கடலைப் படம்கூட அழியாமல் அப்படியே இருந்தது. பாவம், விற்பவருக்கே அது தெரியாது. அவரும் பெயின்டைப் பார்த்து வாங்கியவர்தான்.

ஆகவே காந்தம், திருப்புளி, டார்ச் மூன்றையும் எடுத்துப் போங்கள். தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டுநர் கால் வைக்கும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியின் தரையும் ஸ்டெப்னி படுக்கும் இடமும், கதவுகளின் கீழ் விளிம்பு, ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால் மட்கார்டுக்குள் சேறு சேரும் பை ஆகிய இடங்களை விடாமல் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. பெயின்ட் அடிப்பவர்கள் அவற்றைப் பட்டியால் அடைத்துவிடுவதால், மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கி ஐந்தாறு வருடத்தில் தகட்டைத் தின்றுவிடும். வீட்டிலிருக்கும் வண்டியில் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் சொல்லும் யோசனைகளுள் காசே செலவில்லாமல் மிகுந்த பலன் தருவது இதுதான்.

அரித்த இடத்தைச் சரிசெய்யும்போது, நல்ல தகடு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள இரும்புத் தகட்டை டிங்கரிங் பட்டறையில் வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சி.ஓ.டூ. வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங்கின் சூடு மெல்லிய தகட்டை நெளியவைக்கும்; பிறகு அந்த நெளிவை மறைக்கப் பட்டி, பட்டியின் கீழ் மறுபடியும் ஈரம் என்று கதை தொடரும். எவர்சில்வர் தகடு செய்யும் இரும்பாலை இருக்கும் ஊர் என்பதால் எவர்சில்வர் தகட்டிலேயே தரை போட்டுவிட்டால் துருவே வராது என்று இங்கே பலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எவர்சில்வரும் சாதா இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், ஒட்டு நெடுகிலும் சாதா இரும்புதான் வேகமாக அரிபடும். புதுத் தரை பளபளக்க, அதைப் பிடித்திருக்கும் பழைய விளிம்பு உதிர்ந்துபோகும். வெல்டிங் முடிந்ததும் சில்லின் உள்வெற்றிடத்துக்குள் குழாய் விட்டுக் கேவிட்டி வேக்ஸ் என்னும் துரு தடுக்கும் மெழுகைத் தெளிக்க வேண்டும். வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே அது போய்ச் சேராது.

எல்லாவற்றையும் புதிதாக்கிவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் கொஞ்சம் கட்டிவைக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், புதுப்பித்தலைவிடப் பாதுகாத்தலையே முன்னே வைக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எங்காவது ஓர் அடி மிச்சமிருந்தாலும் அதை உரித்தெறிந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. எங்கள் வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் மூலச் சாம்பல் நிறம் கையகலத்துக்கு இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். கழற்றும் முன் படமெடுங்கள், கழற்றிய பாகத்தைத் துணிப்பையில் போட்டு எங்கிருந்து எடுத்தது என்று எழுதிக் கட்டுங்கள், மாற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

தண்ணீரும் பெட்ரோலும்

சேலத்து வண்டியைக் கொல்வதில் துருவுக்கு அடுத்த இடம் போர்வெல் தண்ணீருக்கு. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதை மூடும் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரில் ஓடினால், கொதிகெண்டியின் அடியில் படிவதுபோல வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். இரண்டு உலோகங்களும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்து, நடுவில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். பேட்டரிக்கு வாங்குவதுபோல வடிநீர் வாங்கி, அலுமினிய ஹெட்டுக்கு ஏற்ற கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுங்கள். சூடு குறையும் என்று, தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடினால் எண்ணெயில் நீர் சேரும், சிலிண்டர் தேயும்; ஆகவே கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள். கொதித்து நிற்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் மேலே பீறிட்டு அடிக்கும், குடத்துத் தண்ணீரை எஞ்சினின் தலையில் கொட்டினால் ஹெட் நெளிந்துவிடும். அரைமணி நேரம் ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. இந்த வண்டியின் ரப்பர் குழாய்களும் ஃபியூயல் பம்புக்குள் அசையும் சவ்வான டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, இளகி, கசியத் தொடங்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்த குழாய்களையும் டயாஃப்ரத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பதோடு, டேங்கின் அடியில் படிந்திருக்கும் பழைய கசடையும் கிளப்பி கார்புரேட்டருக்கு அனுப்பும் என்பதால், டேங்கை இறக்கிக் கழுவி, பம்புக்கு முன்னால் ஒரு சிறு ஃபில்டர் வைப்பது நல்லது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். வால்வு சீட்டுகள் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஹெட்டைத் திறக்காத வண்டி கிடைத்தால், திறக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடின உலோகத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மலை ஏறுவதும் இறங்குவதும்

ஓடாத வண்டி பிழைத்த வண்டி ஆகாது. கொட்டகையில் நிறுத்தி வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பது அதற்குச் செய்யும் கெடுதல். சைலென்சரிலும் எண்ணெயிலும் சேரும் ஈரம் ஆவியாவதற்கு அந்தச் சூடு போதாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சேலத்தில் இருப்பவருக்கு இதைவிட நல்ல பரீட்சை ஏற்காட்டு மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகும் அந்தச் சாலை, வண்டியிலுள்ள ஒவ்வொரு குறையையும் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவந்துவிடும். கோடை விழாக் கூட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகாமல், வேலை நாளில் விடியற்காலையில் கோரிமேட்டைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்டீயரிங் தண்டில் லீவர் உள்ள ஹேண்ட் கியர் பழக்கம் இல்லாதவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இந்த நான்கு கியர் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்குத்தான் பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. வளைவுக்குள் பாதி போன பிறகு வேகம் விழுந்து முதல் கியரைத் தேடினால் கிர்ரென்று பல் நறநறக்கும். இரண்டாம் கியரிலேயே, எஞ்சின் துடிப்புக் குறையாமல், வெளிப்பக்கமாக அகலமாய் வந்து திரும்ப வேண்டும். அப்படியும் முதல் கியர் தேவைப்பட்டால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். என் தந்தை இதைச் செய்யும்போது லீவர் வெண்ணெய்க்குள் போவதுபோல ஒலியின்றி விழும். எனக்கு அது கைவர ஆறு மாதம் ஆனது. பழகியபின் அந்தக் கியர் பெட்டிக்கு ஆயுள் இருமடங்கு.

மே மாத வெயிலில் ஏறும்போது, மேலே போய் நிறுத்திய சில நிமிடங்களில் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டதே காரணம். ஈரத் துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றிவிட்டுக் காத்திருந்தால் சரியாகிவிடும்; அதற்காகவே டிக்கியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர்க் கேனும் எப்போதும் வைத்திருக்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பழைய வண்டிகளில் ஒரே ஹைட்ராலிக் வழி என்பதால் ஓரிடத்தில் கசிந்தால் பெடல் முழுவதும் தரைக்குப் போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து விட்டுவிடுங்கள். இளவயதில் ஒருமுறை மூன்றாம் கியரில் பிரேக்கை நம்பி இறங்கி, பாதி மலையில் பிரேக் லைனிங் கருகும் நெடி மூக்கிலேறி, பெடல் கல்லாக இறுகியும் வண்டி நிற்காமல் போனபோது, கியரைக் குறைத்து மண்மேட்டின் ஓரமாக உரசி நிறுத்தினேன். அன்று பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் கலந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவதில் ஒருபோதும் சோம்பல் வேண்டாம்.

நிறுத்தும் இடமும் பாகங்களும்

சேலத்து வெயில் ரப்பரையும் சீட் ரெக்ஸினையும் வெடிக்கவைக்கும். ஏற்காட்டுப் பனி தகட்டை அரிக்கும். மேலே எஸ்டேட் கொட்டகைகளில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் மண் தரையில் நிற்கின்றன, இரவெல்லாம் தரையின் ஈரம் அடித்தகட்டில் வியர்த்து நிற்கும். சிமென்ட் தரை, காற்றோட்டம், பருத்தித் துணி உறை மூன்றும் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்துவது ஈரத்தைப் பொதிந்து வைப்பதற்குச் சமம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எலி வருகிறதா என்று வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயரிங்கைக் கடித்துவிட்டால் அதைவிடப் பெரிய வேலை இல்லை. டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

எஞ்சின் பாகங்களுக்கு இன்னும் பெரிய பஞ்சமில்லை. பத்மினிக்கென்று வந்தவை பழைய 1100-க்குப் பெரும்பாலும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடினால் கிடைக்கும், புஷ் போன்றவற்றை நம் ஊர் லேத் பட்டறைகளே கடைந்து தந்துவிடும். விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, சின்னம், கண்ணாடி போன்ற வெளிப்பாகங்கள்தான் வருடத்துக்கு வருடம் அருகிவருகின்றன. அவற்றுக்காக ஒரு வண்டியை உடைக்கலாமா என்ற கேள்வி வரும். சில், தரை, நடுத்தூண் மூன்றும் போய்விட்ட வண்டியை உடைக்கலாம். தாள்கள் சரியாக, உடல் உறுதியாக இருக்கும் ஒன்றை, எஞ்சின் ஓடவில்லை என்பதற்காக உடைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இன்று நம் பகுதியில் அப்படி நிற்கும் ஒவ்வொன்றும் ஒன்று குறைந்தால் குறைந்ததுதான்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, எந்தப் பட்டறை, எந்தப் பாகம். பட்டறை ரசீதுகளை அதே நோட்டில் ஒட்டுங்கள். 250 ஜி.டி.ஓ.-வின் ஒவ்வொரு சேஸிஸுக்கும் இருப்பது இதுபோன்ற வரலாறுதான். இந்த வண்டிகளோடு வயதான மெக்கானிக் அண்ணன்கள் இன்னும் சிலர் செவ்வாய்ப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் இருக்கிறார்கள். கார்புரேட்டரைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவர்கள். அவர்கள் கை வைக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டு, கேட்டதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, இறங்கி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை நெருக்கமாக, தொடாமல் நீட்டிப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே சூடாக அனல் அடித்தால் பிரேக் சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த வீல் சிலிண்டர் இறுகிவிட்டது, ஒன்று மட்டும் கொதித்தால் அதன் லைனிங் விடாமல் உரசுகிறது. எந்தச் சக்கரம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு மெதுவாகப் போய், மறுநாள் காலையில் அந்த டிரம்மைக் கழற்றுங்கள்.